ஏழாவது அறையில் செத்துப்போனவள்

நம் குழுவில் ஐம்பதைத் தாண்டியவர்கள் ஆறு பேர். மிச்சமெல்லாம் பிள்ளைகள். இதை அந்தப் பிள்ளைகளுக்காக எழுதவில்லை, உங்கள் ஐந்து பேருக்குத்தான். போன மாதம் ஒரு சாகசப் புத்தகத்துக்கு நான் எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "படம் நல்லா இருக்கு, மேப் நல்லா இருக்கு, கதை பிரமாதம்னு எழுதிட்டு, கடைசியில பத்துக்கு நாலு போட்டிருக்கீங்களே, எழுதுனவன் மேல உங்களுக்கு என்னங்க கோவம்?" கோபமெல்லாம் ஒன்றுமில்லை. அந்தச் சாகசப் புத்தகத்தில் மூன்றாவது அறையிலேயே ஒரு ஆட்டக்காரர் செத்துப்போக வழி இருக்கிறது. செத்தவர் மீதி மூன்று மணி நேரம் என்ன செய்வார் என்பதற்கு ஒரு வரி இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எழுதுகிற மகராசன்களுக்கு இது ஏன் உறைக்க மாட்டேன் என்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது எட்டிப்பார்த்துப் படித்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்துக்குக் கட்டமும் கிடையாது, காயும் கிடையாது. ஒருத்தர் புத்தகத்தை வைத்துக்கொண்டு கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்து, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடி ஒளிகிறேன்" என்று சொல்வார்கள். சொன்னது பலிக்குமா பலிக்காதா என்று பகடை சொல்லும். அவ்வளவுதான். நான் நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன், இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தட்டுப்படவில்லை.

இது என் கைக்கு வந்தது ஏழாம் வகுப்புப் பரீட்சை லீவில். அப்பா சர்வேயர். அரூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி காரிமங்கலம் வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளின் முகம்கூடப் பழகவில்லை, அதற்குள் லீவு விட்டுவிட்டார்கள். ஓட்டு வீடு, காலையிலேயே அனல் அடிக்கும். அப்பா நிலம் அளக்கிற சங்கிலியையும் வரைபடச் சுருளையும் எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்விடுவார். அம்மா அடிபம்புக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கப் போய்விடுவாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போகிற மாடுகளை எண்ணுவேன். யாரிடமும் பேசாமல் ஒரு நாள் முழுக்கக் கழிந்திருக்கிறது. சாயங்காலம் வாயைத் திறந்தால் என் குரல் எனக்கே புதுசாகக் கேட்கும்.

பெங்களூரில் அச்சாபீசில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, சித்திரையில் வந்தபோது ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவனிடம் வாங்கியதாம். மேல் அட்டையில் ஒரு ராட்சசப் பல்லியும் வாள் தூக்கிய ஒருத்தனும். உள்ளே இரண்டு மெல்லிய புத்தகம். ஒன்று விதிகள், அதில் நடுப்பக்கங்கள் போயிருந்தன. இன்னொன்று சாகசக் கதை, பதினாறு பக்கம், குத்தியிருந்த பின் துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை ஏறியிருந்தது. பெட்டியில் பகடை வைக்க ஒரு பள்ளம் இருந்தது. அது காலி.

"கதைப் புஸ்தகம் மாமா, படிச்சா இங்கிலீஷு தண்ணியா வரும்" என்று மாமா அப்பாவிடம் சொன்னார். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தினமும் ஒரு பக்கம் படித்து அர்த்தம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு முட்டி மோதினேன். பத்தாவது நாளோ என்னவோ, இது படிக்கிற கதை இல்லை, நடத்துகிற கதை என்று எனக்குத் தலையில் ஏறியது. நாலு பேர் வேண்டும் என்று போட்டிருந்தது. பக்கத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். நாலு பேருக்கு நான் எங்கே போவேன்?

எதிர்வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவளுக்கு என்னைவிட ஒரு வயசு கூட. சின்னவளுக்கு ஒன்பது. அவர்கள் அப்பா லாரியில் போய்விடுவார், அம்மா வீட்டிலேயே புளி தட்டுகிற வேலை. சித்திரை முழுக்க அந்த வீட்டு முன்னால் புளி குவிந்து கிடக்கும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்து எறிவார்கள். தெருவுக்கே பல் கூசுகிற வாசனை. ஒருநாள் துணிந்து தெருவைத் தாண்டிப் போய், "எனக்கும் கொஞ்சம் குடுங்க, நானும் தட்டறேன்" என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, "சர்வேயரூட்டுப் புள்ள புளி தட்டுதா! உக்காரு சாமி" என்று ஒரு சின்னக் கத்தியைக் கொடுத்தார். மூன்று நாள் தட்டினேன். விரலெல்லாம் கறுத்துப்போச்சு. நான்காம் நாள் அந்த இரண்டு பேரையும் எங்கள் வீட்டுப் பின்பக்கப் புங்கமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

பகடைக்கு வழி பெரியவள் கண்டுபிடித்தாள். விதிப் புத்தகத்தில் இருபது முகம் உள்ள பகடையின் படம் போட்டிருந்தது. "இருபது வரைக்கும்தான வேணும்? இருபது கொட்டைய ஒரு பக்கம் தேச்சு வெள்ளையாக்கிப் போடு. எத்தன வெள்ளை வுழுதோ அதான் நெம்பரு" என்றாள். தாயம் ஆடச் செய்கிற வேலைதான். துணி துவைக்கிற கல்லில் இருபது புளியங்கொட்டையைத் தேய்த்தோம். மூன்று பேரும் அவளுடைய புத்தியை மெச்சிக்கொண்டோம்.

ஆளுக்கொரு தாளில் அவரவர் பாத்திரத்தை எழுத வேண்டும். மேலே பெயர் என்று இருந்தது. பரீட்சைப் பேப்பரில் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தோம். இனிஷியலோடு சொந்தப் பெயரை எழுதினோம். வேறு பெயர் வைக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. சின்னவள் தன் பெயரை மூன்று கலர் பென்சிலில் எழுதி, பக்கத்தில் ஒரு கத்தி வரைந்தாள்.

கதை என்னவென்றால், மலைக்கு அடியில் ஒரு சுரங்கம், அதற்குள் பூதங்கள் பிடித்துவைத்திருக்கும் குயவனின் மகளை மீட்க வேண்டும். மலை என்றதும் அவர்களுக்கு வத்தல்மலைதான். புத்தகத்தில் இருந்த சத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஆயிற்று. அப்பாவின் கட்டம் போட்ட தாளில் சுரங்கத்தின் வரைபடத்தை வரைந்தேன். அப்பா அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "வடக்கு எந்தப் பக்கம்மா? ஸ்கேல் போடலியே" என்றார். அந்த லீவில் அவர் என்னிடம் ஆசையாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். ஓடிப்போய் வடக்கு போட்டேன்.

ஐந்து நாள் ஆடினோம். அடடா, அந்த ஐந்து நாளை நான் எப்படிச் சொல்ல! பெரியவள் எதையும் நம்ப மாட்டாள், கதவு என்றால் கதவுக்குப் பின்னால் காது வைப்பாள். சின்னவளுக்கு எல்லாவற்றிலும் முதலில் போக வேண்டும். "நான் போறேன் நான் போறேன்" என்று எழுந்து நின்றுவிடுவாள். பூதம் வந்தால் நிஜமாகவே என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொள்வாள். ராத்திரி படுத்தால் நாளைக்கு அவர்கள் வருவார்கள் என்ற நினைப்பிலேயே எனக்குத் தூக்கம் வராது.

ஆறாம் நாள் ஏழாவது அறைக்கு வந்தார்கள். தரையில் ஒரு சதுரக் கல். மிதித்தால் கவிழும். பதினைந்தோ அதற்கு மேலோ விழுந்தால் தாண்டிப் பிழைக்கலாம். இல்லாவிட்டால் முப்பதடிப் பள்ளம், அடியில் கூர்க்கம்பிகள், சாவு. வழக்கம்போல் சின்னவள்தான் முதலில் போனாள்.

"கொட்டையப் போடு" என்றேன்.

இரண்டு கையாலும் அள்ளி, கண்ணை மூடி, "சாமி சாமி" என்று குலுக்கிப் போட்டாள். எண்ணினோம். பதினொன்று.

"இன்னொருக்கா போடட்டும்" என்றாள் பெரியவள்.

"புக்குல அப்பிடி இல்ல."

"புக்கு எழுதுனவன் இப்ப வந்து பாக்கறானா?"

"இல்லன்னா இல்லதான்."

அந்த லீவில் ஊரிலேயே என் சொல் எடுபட்ட ஒரே இடம் அந்தப் புங்கமரத்தடிதான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சின்னவள் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நான் செத்துட்டனா?"

"ஆமா."

"சரி, நான் வூட்டுக்குப் போவட்டுமா?"

"அதெப்பிடி?" என்றாள் பெரியவள். "எழவு வுழுந்தா எடுக்காம யாராச்சும் போவாங்களா?"

அவள் சொன்னதில் எங்களுக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. சாவு விழுந்தால் எடுக்க வேண்டும், மறுநாள் பால் ஊற்ற வேண்டும், அதுவரைக்கும் வேறு காரியம் ஓடாது. புத்தகத்தில் அதற்கு விதி இல்லாவிட்டால் என்ன, ஊரில் இருக்கிறதே. சின்னவளின் தாளை நாலாக மடித்து, மஞ்சள் தடவி, கிழிந்த துணியில் சுற்றினோம். புங்கம்பூவைக் கோத்து மாலை போட்டோம். மேளத்துக்கு ஆள் இல்லை. சின்னவள் எண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு தானே அடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"பொணம் எங்காச்சும் மேளம் அடிக்குமாடி?" என்றாள் அக்காக்காரி.

"பேப்பருதான் பொணம். நான் மேளக்காரி" என்றாள் சின்னவள். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. வேலியோரம் குழி தோண்டிப் புதைத்து மூன்று கல் வைத்தோம்.

மறுநாள் காலையில் சின்னவள் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் பாலும் ஒரு பிடி பொரியும் திருடிக்கொண்டு வந்தாள். அவள் அம்மா பாலைக் காணோம் என்று தேடிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். நான் கல்லின் மேல் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னாங்கடி இது?"

நாங்கள் ஒன்றும் ஒளிக்கவில்லை. பெரியவள் ஆசையாக விளக்கினாள், "சின்னவ செத்துட்டாம்மா, இன்னைக்குப் பாலு" என்றாள். அந்த அம்மா மண்ணைக் கையால் வாரி எடுத்தார். துணியைப் பிரித்தார். மஞ்சள் தடவிய தாளில் மூன்று கலரில் தன் பெண்ணின் பெயர். கீழே என் கையெழுத்தில், 'ஏழாவது அறையில் இறந்தார்'. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒன்பது வயசுப் பெண்ணைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனார். பெரியவள் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"ஏங்க, உங்க புள்ளையக் கண்டிச்சு வெய்ங்க. எம்புள்ள பேர எழுதிப் பொதச்சுப் பாலு ஊத்தியிருக்குது. இதெல்லாம் எங்கங்க கத்துக்கிட்டு வந்துச்சு? நாங்க உங்களுக்கு என்னாங்க கெடுதல் பண்ணுனோம்?"

அம்மா வாசலுக்கு ஓடிவந்தாள். "வெளையாட்டுங்க, பச்சப் புள்ளைங்க வெளையாட்டு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"சாவு வெளையாட்டாங்க?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அடுத்த நாள் சின்னவளின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூசாரியிடம் கூட்டிப்போயிருக்கிறார்கள். சர்வேயர் வீட்டில் செய்வினை செய்கிறார்கள் என்று தெருவில் பேச்சு. அடிபம்பில் அம்மாவின் குடம் வந்தால் மற்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அம்மா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. பெட்டியைச் சணலால் கட்டி மாமாவிடம் திருப்பி அனுப்பினார். கட்டும்போது, "மேப்பு நல்லா வந்திருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

சாகசப் புத்தகம் மட்டும் என் தலையணைக்கு அடியில் இருந்தது. மீதி லீவு முழுக்க மத்தியானங்களில் நடு அறையில் சிமெண்டுத் தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு அதைத் தனியாக ஆடினேன். பெரியவளுக்காக நானே சந்தேகப்பட்டேன். சின்னவளுக்காக நானே முதலில் போனேன். குயவனின் மகளை மீட்டும் விட்டேன். மீட்டதும் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. புத்தகத்தின் பின்னட்டையில் வெள்ளையாக இருந்த இடத்தில் பென்சிலால் எழுதினேன்: 'ஏழாவது அறை சரியில்லை. மற்றதெல்லாம் நன்று.' என் முதல் விமர்சனம் அதுதான், நண்பர்களே. இன்றுவரைக்கும் அதைவிடச் சுருக்கமாக எழுதத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் பென்னாகரத்துக்கு மாற்றல் வந்தது. வந்தது என்ன, அம்மா நச்சரித்து அப்பா கேட்டு வாங்கியதுதான். லாரியில் சாமான் ஏற்றும்போது எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அந்தப் பெண்கள் என்னை வெறுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நான் யார் வீட்டுக் கதவையும் முதலில் தட்டியதில்லை. கல்யாணம், காட்சி என்று அம்மா கொண்டுவந்ததையெல்லாம் தட்டிக்கழித்துத் தனியாகவே இருந்துவிட்டதற்கும் இதற்கும் முடிச்சுப்போட நான் விரும்பவில்லை. ஆனால் சில சமயம் முடிச்சு தானாகவே விழுந்துவிடுகிறது.

நாற்பத்தைந்து வயசில்தான் நிஜமான இருபது முகப் பகடை என் கைக்கு வந்தது. பெங்களூரில் ஒரு கடையில் வாங்கினேன். உருட்டினால் மூன்று, பத்தொன்பது, எட்டு, இருபது. எல்லா எண்ணும் ஒரே மாதிரி வந்தது. பதினைந்தும் அதற்கு மேலும் பத்துக்கு மூன்று தடவையாவது விழுந்தது. வீட்டுக்கு வந்து இருபது புளியங்கொட்டையைத் தேய்த்தேன். சமையலறைத் தரையில் நூறு தடவை வீசினேன். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. இருபது கொட்டையில் பாதிக்குப் பாதிதான் வெள்ளை விழும், சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பதினைந்து அத்தி பூத்தாற்போல இரண்டே தடவைதான் விழுந்தது. புத்தகம் எழுதினவன் அவளுக்கு நியாயமாகப் பிழைக்க வழி வைத்திருந்தான். நாங்கள் புத்திசாலித்தனமாக அந்த வழியை அடைத்துவிட்டோம். பெரியவள் கேட்ட அந்த இன்னொருக்காவை நான் கொடுத்திருக்கலாம்.

இதோடு நிறுத்தியிருந்தால் விமர்சனத்துக்கான விளக்கம் முடிந்தது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தர்மபுரியில் இப்போது நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிறது, காது மட்டும் பாம்புக் காது. நான் லேப்டாப்பில் மூன்று பேருக்கு ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர்களில் ஓசூர்ப் பையனின் வீரன் ஆற்றில் அடித்துக்கொண்டு போய்ச் செத்தான். "பரவால்லீங்க மேடம், பத்து நிமிஷம் குடுங்க, நான் வேற ஆளா வர்றேன்" என்றான்.

"இதையேதான் அந்தப் புள்ளயும் சொல்லுச்சு" என்றாள் அம்மா.

ஒலியை அடைத்தேன். "எந்தப் புள்ளம்மா?"

"காரிமங்கலத்துல, எதுத்த வூட்டுச் சின்னது. கயிறு கட்டிவுட்டாங்களே, அதுக்கு மறுநாளு. அவங்கம்மா படுத்திருந்த நேரமாப் பாத்துப் பின்பக்கமா வந்துச்சு. கையில ஒரு பேப்பரு. 'நான் வேற ஆளா வந்திருக்கறேன், அக்காவக் கூப்புடுங்க. இதுல எம்பேரு இல்லீங்க, வேற பேரு எழுதியிருக்கறேன், எங்கம்மா திட்ட மாட்டாங்க'ன்னுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"நீ தூங்கறன்னு சொன்னேன். மறுநாளும் வந்துச்சு. நாலு நாளு வந்துச்சு. அப்பறம் வரல."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஓடுவ. அவ மறுபடியும் வந்து வாசல்ல நிப்பா. உங்கப்பாவுக்கு அவமானம். உன் நல்லதுக்குத்தான் சொல்லல." கீரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

நாலு மத்தியானம். ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் அவள் நின்றிருக்கிறாள். இந்தப்பக்கம் தரையில் படுத்துக்கொண்டு நான் அவளுக்காகக் கொட்டை வீசிக்கொண்டிருந்திருக்கிறேன். வேறு பெயர் எழுதினால் தீர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை, விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை. ஒன்பது வயசுப் பெண் தானாக யோசித்துக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். அம்மாவின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை அவள் வயசைப் பார்த்து விழுங்கினேன்.

"என்ன பேரும்மா எழுதியிருந்தா?"

"யாரு கண்டா? நீட்டுச்சு. நான் வாங்கிப் பாக்கல."

லேப்டாப்பில் பையன் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஒலியைத் திறந்தேன். "மேடம், லைன்ல இருக்கீங்களா? ஆளு ரெடி."

"பேரைச் சொல்லு" என்றேன்.

சொன்னான். எனக்குக் காதில் ஏறவில்லை.

"இன்னொருக்கா சொல்லுப்பா" என்றேன்.